டின்னுக்குள் ஒரு ரொட்டித் துண்டு

வேலையை விட்டு நின்று ஆறேழு மாதம் ஆகிறது. ஆனாலும் கால் தானாகப் பழைய கடைப் பக்கம்தான் போகிறது. இந்த டிசம்பரில் அப்படிப் போய் நின்றபோது, காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி கவுண்டர் பையனிடம் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "அண்ணா, இந்த ஃப்ரூட் பிஸ்கட் சாஃப்டா இருக்குமா? கடக்குன்னு உடைஞ்சா எனக்கு வேணாம்" என்று கேட்டாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இதே கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், இதே கண்ணாடிப் பெட்டி மேல் இதே பிஸ்கட்டைத் தூக்கி வைத்து, "நமுத்துப் போனத எங்க தலையில கட்டுறீங்களா" என்று சண்டைக்கு வந்தவர்களை நான் வருடக் கணக்காகப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் அம்மாகூட அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார். இப்போது அடுப்பில் நிற்கிற பையன்கள் சிரித்துக்கொண்டே, இது நீங்கள் வந்த புதிதிலும் இப்படித்தான் சுலபமாக விற்றுப்போயிருக்கும், இல்லையா மாஸ்டர் என்றார்கள். சுலபமாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தணிகாசலம். குறிஞ்சிப்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பம். இருந்த நிலம் அண்ணன்களுக்கே போதவில்லை, என்னைப் புதுச்சேரியில் ஒரு பேக்கரியில் கொண்டுபோய் விட்டார்கள். ட்ரே கழுவினேன், மாவு பிசைந்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன், திட்டு வாங்கினேன். அடுப்புக்கு முன்னால் நிற்க விடுவதற்குள் எனக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. அதை விரித்து எழுதினால் நீங்களும் படிக்க மாட்டீர்கள். எல்லா பேக்கரிக்காரனுக்கும் அதே கதைதான்.

கடலூர்க் கடைக்கு நான் 2004இல் வந்தேன். கடையின் முதலாளி ஒரு ரிட்டயர்டு டீச்சர். பள்ளிக்கூடத்தில் மனையியல் நடத்தியவர், கணவர் போன பிறகு கடையைக் கையில் எடுத்தவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது, நாங்களும் அப்படித்தான். சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளை இருந்தது. சுடுவது எல்லாம் இங்கே, அங்கே விற்பனை மட்டும்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி. என்ன நடந்தது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் வந்தபோது யாருக்கும் பெரிய கேக்கை நடுவில் வைத்து வெட்டுகிற மனசில்லை. கேக் வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுக்க ஏதாவது சின்னதாகச் செய்யுங்கள் என்று மாதா கோயிலிலிருந்து வந்து கேட்டார்கள். அப்போதுதான் டீச்சர் இந்த பிஸ்கட்டை ஆரம்பித்தார். எங்கேயோ படித்தாராம், யார் வீட்டிலோ சாப்பிட்டாராம். நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டார்.

டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ட்ரே கழுவுகிற ஆள் வரைக்கும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அதுதான் தாங்க முடியாது. என் பழைய முதலாளி கரண்டியை வீசுவார், நான் குனிந்துகொள்வேன், அதோடு முடிந்தது. டீச்சரிடம் குனிய வழியில்லை. அடுப்பிலிருந்து ட்ரே இறங்கி ஆறின பிறகு வருவார். கையைக் கழுவி, முந்தானையில் துடைக்காமல் தனித் துணியில் துடைப்பார். முன்வரிசையைத் தொட மாட்டார், அங்கே நாங்கள் நல்லதாகப் பார்த்து அடுக்கியிருப்போம் என்று அவருக்குத் தெரியும். நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக் காதுப் பக்கம் கொண்டுபோய், இரண்டு விரலால் மெதுவாக வளைப்பார். சத்தம் வரக்கூடாது. பிஸ்கட் வளைய வேண்டும், பிறகு இழுத்துப் பிய்த்தாற்போல் பிரிய வேண்டும். 'கடக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் அதை என் பக்கம் நகர்த்தி வைத்து, "தணிகாசலம், நீங்களே கேளுங்க" என்பார். ஐம்பது வயதில் பிஸ்கட்டைக் காதில் வைத்துக் கேட்டவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், ஜனங்களுக்கு மொறுமொறுப்புத்தானே டீச்சர் பிடிக்கிறது என்றேன். மொறுமொறுப்பு வேண்டும் என்பவர்களுக்கு நாம்தான் பொறை சுடுகிறோமே என்றார். பேச்சு முடிந்தது.

சுடுவதாவது சுலபமா என்றால் அதுவும் இல்லை. கறுப்பு திராட்சை, மஞ்சள் திராட்சை, பேரீச்சை, பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல், எல்லாவற்றையும் பொடியாக நறுக்க வேண்டும். டூட்டி ஃப்ரூட்டி போட்டால் கலராக இருக்கும், விலையும் குறையும் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அது பப்பாளிக்காய், அதைப் பழம் என்று சொல்லி விற்க மாட்டேன் என்றுவிட்டார். மற்ற கடைகளில் பழத்தை ரம்மில் ஊற வைப்பார்கள். டீச்சர் கடைக்குள் அந்தப் பாட்டில் வர முடியாது. எங்களுக்குக் கெட்டியான டீ டிகாஷன், ஆரஞ்சுச் சாறு, தட்டிப்போட்ட சுக்கு, நாலு கிராம்பு. ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடியில் போட்டு, துணி கட்டி, தினமும் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். வெள்ளைச் சர்க்கரை போட்டால் பிஸ்கட் முறுகிவிடும் என்பதால் பாதிக்கு மேல் நாட்டுச் சர்க்கரை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, அதுவும் உடைத்தது.

ஊறின பழத்தைப் பிழிவதுதான் கை வேலை. கூடுதலாகப் பிழிந்தால் பிஸ்கட் காயும், குறைவாகப் பிழிந்தால் மாவு ட்ரேயில் ஓடிவிடும். பிசைந்த மாவைக் குளிர வைத்துத்தான் உருட்ட வேண்டும். ஃப்ரிட்ஜ் இருந்தது, கரண்டு இருக்காது. வேறு வழியில்லாமல் துறைமுகத்திலிருந்து மீனுக்குப் போடுகிற ஐஸ்கட்டியை வாங்கி வந்து, பெட்டியில் அடுக்கி, மாவைப் பிளாஸ்டிக் தாளில் நாலு சுற்றுச் சுற்றி வைத்தோம். டீச்சர் வந்து மூக்கை வைத்துப் பார்த்தார். மீன் வாசம் வருகிறதா என்று பார்க்கிறாராம். வந்திருந்தால் அன்றைக்கே நான் குறிஞ்சிப்பாடிக்குக் கிளம்பியிருப்பேன்.

கடைசியில் அடுப்பு. சவுக்கு விறகு எரிந்து அடங்கி, தணல் ஒதுக்கின பிறகு ட்ரேயைத் தள்ளுவோம். ஓரம் சிவந்து, நடுவில் இன்னும் வேகாதது போல் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். மீதி வேக்காடு ட்ரேயின் சூட்டிலேயே நடக்கும். வேகாததை வெளியே எடுப்பது எந்த மாஸ்டருக்கும் வராது. என் கை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றே சொல்லும். அந்தக் கையோடு சண்டை போட்டுத்தான் நான் இந்த பிஸ்கட்டைக் கற்றுக்கொண்டேன்.

இவ்வளவும் செய்து கடைக்கு அனுப்பினால், மறுநாள் திரும்பி வரும். நம் பக்கம் பிஸ்கட் என்றால் கடித்தால் உடைய வேண்டும். வளைகிறது என்றால் காற்றுப் பட்டு நமுத்துப் போனது என்று அர்த்தம். சிதம்பரம் கிளையில் இருந்த ஜெயபால் தினமும் போன் போட்டு, இன்னைக்கும் ரெண்டு பேர் திருப்பிக் கொடுத்துட்டாங்க மாஸ்டர் என்று என்னிடம்தான் அழுவான். டீச்சரிடம் சொல்ல அவனுக்குப் பயம்.

இது போதாது என்று டீச்சர் இன்னொன்றும் செய்தார். பெரிய ஆர்டர்களை மூடி போட்ட தகர டின்னில் அடுக்கி, மேலே பட்டர் பேப்பர் விரித்து, அதன் மேல் இனிப்பில்லாத உப்பு ரொட்டித் துண்டு ஒன்றை வைத்து மூடச் சொன்னார். ரொட்டியில் இருக்கிற ஈரம் மெல்ல இறங்கி பிஸ்கட்டைக் காயவிடாது. சில நாளில் ரொட்டி காய்ந்து விறைத்துப்போகும், பிஸ்கட் மட்டும் அப்படியே மெத்தென்று இருக்கும். யோசனை நல்ல யோசனைதான், நானே கண்ணால் பார்த்தேன். ஆனால் காசு கொடுத்து வாங்கினவன் டின்னைத் திறந்ததும் மேலே காய்ந்த ரொட்டியைப் பார்த்தால் என்ன நினைப்பான்? டின் மேல் ஒரு சீட்டாவது ஒட்டலாமே என்றேன். வாயால் சொல்லிக் கொடுங்கள், ஒட்டுவதை யாரும் படிப்பதில்லை என்றார் டீச்சர்.

அந்த வாயால் சொல்கிற வேலை ஸ்டெல்லாவுக்கு வந்தது. கடலூர்க் கடைக் கவுண்டரில் நின்ற பெண். அவள் அப்பா சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர், அவள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். அம்மா ஞானம்மா வீட்டிலிருந்து தையல் வேலை செய்தார். டின் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ஸ்டெல்லா முகம் சுளிக்காமல், "இது நமுத்தது இல்லைங்க, இப்படித்தான் இருக்கும். மேல இருக்குற ரொட்டி பிஸ்கட் காயாம இருக்க வச்சது. வெயில்ல வைக்காதீங்க" என்று சொல்லி அனுப்புவாள். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாளோ. அவள் கவுண்டரில் இருந்த நாளில் டின் திரும்பி வந்ததில்லை. அவள் லீவு போட்டால் வந்துவிடும்.

2009இல் அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீடு கீரப்பாளையம். பையன் சிதம்பரத்தில் ஒரு ஸ்கூலில் ஆபீஸ் வேலை. அவர்களும் கோயிலுக்குப் போகிற குடும்பம், கொஞ்சம் நிலம் வைத்திருந்தார்கள். நிச்சயம் முடிந்து வருகிற முதல் கிறிஸ்துமஸுக்குப் பெண் வீட்டிலிருந்து பலகாரம் போக வேண்டும். ஞானம்மா முறுக்கும் அதிரசமும் சுடுவதாகச் சொன்னார். டீச்சர், அது இருக்கட்டும், கடை சார்பில் ஒரு பெரிய டின் பழ பிஸ்கட் நான் கொடுக்கிறேன், கடையிலேயே உசத்தியான சரக்கு அதுதான் என்றார்.

நான் கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்தேன். வேண்டாம் டீச்சர், சம்பந்தி வீட்டுக்குப் போகிற பண்டம், கேக் கொடுத்துவிடலாம், நெய் பிஸ்கட் கொடுத்துவிடலாம் என்று தெளிவாகச் சொன்னேன். டீச்சர் என்னைப் பார்த்து, அந்தப் பெண் இத்தனை வருடம் இதைத்தான் விற்றிருக்கிறாள், அவள் வீட்டுக்கு வேறு ஒன்றை எப்படிக் கொடுப்பது என்றார். ஸ்டெல்லா முகமெல்லாம் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தாள். சுட்டேன். என் வேலையில் அதைவிட நல்லதாக ஒரு ட்ரே இறக்கியதில்லை. டீச்சர் வளைத்துப் பார்த்துவிட்டு, இன்னொன்றை எடுத்துத் தானே சாப்பிட்டார். அது அபூர்வம்.

பெண் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக் கூடாது. ஞானம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் தையல் தலைக்கு மேல் இருந்தது. அதனால் டின்னும் பலகாரக் கூடையும் கிளைக்குப் போகிற வேனில் ஏறி, ஜெயபால் கையால் கீரப்பாளையம் போய்ச் சேர்ந்தது. அவன் வாசலில் கொடுத்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று ஓடி வந்துவிட்டான். ஊருக்கெல்லாம் அந்த நாலு வார்த்தையைச் சொல்லி அனுப்பினவள் ஸ்டெல்லா. அவள் சொந்த டின்னுக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போனது.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் டின் ஜெயபால் கையில் திரும்பி வந்தது. நம் பக்கம் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒரு கை சர்க்கரையோ, ரெண்டு வாழைப்பழமோ போட்டுத்தான் தருவோம். இந்த டின்னில் நாங்கள் அனுப்பின பிஸ்கட்டே இருந்தது, அதன் மேல் நாங்கள் வைத்த ரொட்டித் துண்டும் இருந்தது. அதைவிட வெளிப்படையாக ஒருவர் பேச முடியாது. பண்டம் நமுத்துப் போனது, கல்யாணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பியதாக ஜெயபால் சொன்னான்.

டீச்சர் முதலில் டின்னுக்குள் கையை விட்டார். ஒன்றை எடுத்துக் காதுப் பக்கம் கொண்டுபோனார். வளையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். உடையவும் இல்லை. அதை மேஜையில் என் பக்கம் நகர்த்தினார். கூழாங்கல் விழுந்தாற்போல் 'டொக்' என்றது. "தணிகாசலம், இது என்ன?" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது. அங்கே ஒரு அம்மா நமுத்துப் போனது என்று திருப்பி அனுப்புகிறார். இங்கே ஒரு அம்மா கல்லாகச் சுட்டுவிட்டாய் என்று கேட்கிறார். ஒரே டின், ஒரே பிஸ்கட், இரண்டு பக்கமும் அடி எனக்கு. நீங்கள்தானே டீச்சர் அன்றைக்கு வளைத்துப் பார்த்தீர்கள் என்று கத்தியே விட்டேன். டீச்சர் அந்தக் கல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜெயபால் மீதியைச் சொன்னான். நமுத்துப் போன அப்பளத்தைக் காய வைப்பது போல் அந்த அம்மா பிஸ்கட்டை முறத்தில் கொட்டி மொட்டை மாடி வெயிலில் வைத்திருக்கிறார். காய்ந்து இறுகிப்போனதை மாப்பிள்ளையின் அப்பா கடித்து, அவருடைய பல்செட் இரண்டாகப் போய்விட்டது.

ஸ்டெல்லா கவுண்டரை விட்டு நகரவில்லை. யாருக்கோ பன் கட்டிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"மாஸ்டர், கல்யாணம் நின்னாலும் பரவால்ல. எங்கம்மா நாளைக்கு அங்க போறேன்னு சொல்லுது. போய்க் கெஞ்சும். அது மட்டும் நடக்கக் கூடாது. நீங்க கூடப் போறீங்களா?"

கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிந்து கிடக்கும்போது மாஸ்டர் அடுப்பை விட்டுப் போவது என்பது நடக்காத காரியம். டீச்சர், போய்விட்டு வாருங்கள் என்றார். புதிதாக ஒரு டின்னையும் என் கையில் கொடுத்தார், மறக்காமல் ரொட்டித் துண்டு வைத்து. அந்த ரொட்டியைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சிதம்பரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து கீரப்பாளையத்துக்கு இன்னொரு பஸ். மழை விட்டு வெயில் அடித்தது. இரண்டு பக்கமும் சம்பா பயிர் பச்சையாக நின்றது. விவசாய வீட்டில் பிறந்தவன், வேறு நாளாக இருந்தால் ஆசையாகப் பார்த்திருப்பேன். ஞானம்மா வழியெல்லாம், தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போவதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் மடியில் டின்னை வைத்துக்கொண்டு, ஸ்டெல்லா கேட்டதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா பெயர் அற்புதமேரி. வாட்டசாட்டமான அம்மா. வாங்க என்று சொல்லி நாற்காலி போட்டார், ஆனால் முகத்தைக் கொடுக்கவில்லை. நான் கொண்டுபோன டின்னை வாங்கித் திறக்காமலே பின்னால் கட்டில் மேல் வைத்தார். கட்டிலில் அவருடைய வீட்டுக்காரர், கன்னம் ஒட்டிப்போய், பல் இல்லாத வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைப் பையன் கதவோரம் நின்று தரையைப் பார்த்தான். அவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அற்புதமேரி சுற்றி வளைக்கவில்லை. "அப்பா இல்லாத பொண்ணு, போவட்டும்னு நாங்க எதுவும் கேக்காம சரின்னு சொன்னோம். அதுக்காவ கடையில மீந்துபோனதும் காஞ்ச ரொட்டியுமா அனுப்புறது? வீட்டுல சொந்தக்காரங்க எல்லாம் இருக்கறப்ப தெறந்தேன். கேக்க ஆள் இல்லாத வீடுன்னா இப்படித்தான்னு எங்க ஓரகத்தி சிரிக்கறா" என்றார்.

ஞானம்மா எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். நான் எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். "நீங்க உக்காருங்கம்மா. மன்னிப்புக் கேக்க இங்க ஒண்ணும் நடக்கல. அது மீந்தது இல்லைங்க. உங்க வீட்டுக்குன்னே அன்னைக்குச் சுட்டது. சுட்டவன் நான்."

"நீங்க யாரு? பொண்ணுக்கு என்னா வேணும்?" என்றார் அற்புதமேரி.

நான் அவளுக்கு ஒன்றும் ஆக மாட்டேன். சாதி வேறு, சாமி வேறு, ஊர் வேறு. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "பொண்ணுக்குச் சொந்தம் இல்ல. பிஸ்கட்டுக்குச் சொந்தம்."

பிறகு விளக்க ஆரம்பித்தேன். நாட்டுச் சர்க்கரை, பழத்தைப் பிழிகிற பக்குவம், வேகாதது போல் எடுப்பது, ரொட்டித் துண்டின் ஈரம் இறங்குவது, எல்லாவற்றையும் சொன்னேன். கையை நீட்டி மாவு உருட்டிக்கூடக் காட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. பல வருடம் அடுப்பில் நின்றவன் நான். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் என் பேச்சு ஒருவர் காதிலும் ஏறவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அற்புதமேரி, "காய வச்சா கல்லாப் போற பண்டம் நல்ல பண்டமா? எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு போச்சே, அதுக்கு என்னா சொல்றீங்க?" என்றார்.

வெயிலில் வைத்தது நீங்கள்தானே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜெயித்திருப்பேன், ஸ்டெல்லாவின் கல்யாணம் அங்கேயே முடிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஞானம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. கெஞ்சத்தான் போகிறார், இனி நான் தடுக்க முடியாது என்று நினைத்தேன். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதியில்தான் அற்புதமேரி தற்செயலாகத் திரும்பினார். கட்டிலில் டின் திறந்து கிடந்தது. மேலே இருந்த ரொட்டித் துண்டைப் பத்திரமாக எடுத்து மூடியில் வைத்துவிட்டு, அவருடைய வீட்டுக்காரர் பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வரிசை காலியாகியிருந்தது. நாங்கள் இத்தனை பேர் கூடத்தில் இருந்தும் ஒருவருக்கும் கேட்கவில்லை. சத்தம் வராத பிஸ்கட்.

"என்னா பண்றீங்க?" என்றார் அந்த அம்மா.

அவர் வாயில் இருந்ததை அவசரப்படாமல் மென்று விழுங்கினார். பல் இல்லாததால் பேச்சு குழறியது, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. "பல்லு ஒடஞ்சதுலேர்ந்து எனக்குக் கஞ்சிதான் ஊத்தற. பண்டிகையும் அதுவுமா முறுக்கு, அதிரசம்னு எல்லாரும் என் எதுருலயே திங்கறாங்க. இது பல்லு இல்லாமலே போவுது. மொதல்லயே இத இப்படியே குடுத்திருந்தா எனக்குப் பல்லே போயிருக்காது."

யாரும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற மாப்பிள்ளைக்கு மட்டும் தோள் குலுங்கியது. அற்புதமேரி கட்டிலுக்குப் போய் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். வளைத்தார். பிட்டு வாயில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மென்றார். நெடுநேரம் மென்றார். பிறகு மூடியில் இருந்த ரொட்டித் துண்டைக் கையில் எடுத்து, என் முகத்தைப் பார்க்காமலே, "இத தூக்கிப் போடணுமா, உள்ளயே வச்சிருக்கணுமா?" என்று கேட்டார்.

"உள்ளயே வைங்க. காஞ்சா வேற உப்பு ரொட்டி மாத்துங்க" என்றேன்.

வைத்து மூடினார். கல்யாணம் நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்பு அந்த அம்மாவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஞானம்மாவை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், சர்க்கரை ஜாஸ்தி.

கடலூர் திரும்பியதும் டீச்சரிடம் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். நான் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சாப்பிட்டபோது சத்தம் வந்ததா என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ட்ரேயை வளைக்கப் போனார். ஸ்டெல்லா அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அதன் பிறகு என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள், மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். மே மாதம் கோயிலில் கல்யாணம். அற்புதமேரி தன் ஓரகத்தியிடம் என்னைக் காட்டி, பொண்ணுக்கு மாமா என்று சொன்னார். பிஸ்கட்டைப் பற்றிப் பேசவில்லை.

இது நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் திருந்தவில்லை. அதற்குப் பிறகும் டின்கள் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தன. கவுண்டருக்கு வந்த புதுப் பெண் அந்த நாலு வார்த்தையைச் சொல்ல மறந்துவிடுவாள், நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். இன்றைக்கு எல்லோரும் சாஃப்ட், சாஃப்ட் என்று கேட்கிறார்கள் என்றால் அதற்கு நான் காரணமில்லை, எங்கேயோ டிவியில் பார்த்திருப்பார்கள்.

ஆனால் கல்யாணத்துக்கு அடுத்த கிறிஸ்துமஸ் வந்தபோது, கீரப்பாளையத்தில் நான் கொடுத்துவிட்டு வந்த டின் ஜெயபால் கையில் வந்தது. நிரப்பிக் கொடுக்கச் சொன்னார்களாம். டின்னை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்தேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராதவர்கள், உள்ளே புதிதாக வாங்கின ஒரு ரொட்டித் துண்டை வைத்து அனுப்பியிருந்தார்கள்.

எடுத்து மோந்து பார்த்தேன். பால் ரொட்டி. இனிப்பு. இதை வைத்தால் பிஸ்கட்டில் பால் வாசம் ஏறிவிடும், டீச்சர் மூக்கை வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவார். உப்பு ரொட்டி, உப்பு ரொட்டி என்று இவர்களுக்கு எத்தனை தடவை சொல்வது? எங்கள் அலமாரியில் அன்றைக்குச் சுட்ட உப்பு ரொட்டி அடுக்கி இருந்தது. நான் பிஸ்கட்டை நிரப்பி, பட்டர் பேப்பரை விரித்து, அந்த அம்மா அனுப்பின பால் ரொட்டியையே மேலே வைத்து மூடினேன்.